நான் கேட்கக் கூசிய கேள்வி

புது ஆலோசகர்களாக நீங்கள் ஆறு பேரும் திங்கட்கிழமை போய் உட்காரப் போகிற நாற்காலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு கால் ஆடும். கதவில் நம்பிக்கை மையம், எச்.ஐ.வி. ஆலோசனை என்று எழுதியிருக்கும். அதைப் படித்தவுடன் வராந்தாவில் நடக்கிறவர்கள் எதிர்ச்சுவரை உரசிக்கொண்டு போவார்கள். செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரு அரசு ஆஸ்பத்திரியில் அப்படி ஓர் அறையில் பதினெட்டு வருஷம் இருந்தேன். என்ன வேலை என்று தெரிந்ததும் மூன்று பேர் எனக்கு வாடகைக்கு வீடு தர மறுத்தார்கள். நாலாவது வீட்டுக்காரரிடம் நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன், சாவியைத் தருகிறீர்களா, நான் கிளம்பட்டுமா என்றும் கேட்டேன். கொடுத்தார்.

பயிற்சியில் உங்களுக்குப் படிவம், பதிவேடு, கணினி எல்லாம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை நான் தொடப் போவதில்லை. என்னைக் கூப்பிட்டவர்கள் என் சாதனைகளைப் பேசச் சொன்னார்கள். அதிலும் எனக்கு இஷ்டமில்லை. நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். பேர்களை மாற்றியிருக்கிறேன், ஊர் விவரத்தைக் கொஞ்சம் கலைத்திருக்கிறேன். முட்டாள்தனத்தை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன்.

நம் அறைக்கு வருகிற ஆண்களில் ஒரு ரகம் உண்டு, சீக்கிரமே உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும். முதல் பிரசவத்துக்கு மனைவியை வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்து இவன் போய்க் கூட்டி வரவேண்டும். அதுவரை வீட்டில் தனி ஆள். சதீஷ் அப்படி வந்தவன்தான். செய்யூர் பக்கம் ஊர். பொத்தேரியில் ஒரு கல்லூரிக்குப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தான். இருபத்தேழு வயது இருக்கும். மனைவி அமுதா கடப்பாக்கத்தில் தாய் வீட்டில் ஒன்பதாம் மாதம்.

வந்து உட்கார்ந்தான். மேஜையைப் பார்த்தே பேசினான்.

"தப்பு பண்ணிட்டேன் மேடம்."

பத்து நாளைக்கு முன்னால் கூட்டாளிகளோடு மாமல்லபுரம் போயிருக்கிறான். லாட்ஜில் ரூம் எடுத்திருக்கிறார்கள். ஒரு பெண் வந்திருக்கிறாள். அதற்குமேல் அவன் வாயிலிருந்து அந்த ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. தப்பு நடந்துபோச்சு, தப்பு நடந்துபோச்சு.

அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டும். என்ன நடந்தது, எது எங்கே பட்டது, உள்ளே போனதா, உறை போட்டிருந்தாயா. ஐந்து நிமிஷ வேலை. எனக்கு அப்போது அந்த அறையில் பத்து வருஷம் ஆகியிருந்தது. லாரி ஓட்டுநர்களிடமும் பாலியல் தொழில் செய்கிற பெண்களிடமும் இதையெல்லாம் காய்கறி விலை கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். இவனிடம் வாய் வரவில்லை. இவன் எங்கள் ஊர்ப் பேச்சு பேசினான், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த விதம் அச்சாக என் தம்பி மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போகிற வீட்டில் வளர்ந்தவள் நான். தம்பியிடம் போய் அதை எப்படிக் கேட்பது? வெட்கமாக இருந்தது. அதனால் அவன் தப்பு என்று சொன்னதையே விஷயம் புரிந்துவிட்ட மாதிரி தலையாட்டி எடுத்துக்கொண்டேன். பதிவேட்டில் உடலுறவு என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

கவனியுங்கள், இது அவன் சொன்னதல்ல. நான் அடித்த டிக்.

ரத்தம் எடுத்தோம். நெகட்டிவ் வந்தது. பத்து நாளில் எடுத்த சோதனைக்கு மதிப்பில்லை, கிருமி தொற்றியிருந்தாலும் சோதனையில் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம் என்பது உங்களுக்கே தெரியும். எதற்கும் மூன்று மாதம் கழித்து ஒருமுறை வந்துவிடு என்று அனுப்பிவைத்தேன். அந்த "எதற்கும்" எவ்வளவு வசதியான சொல் தெரியுமா? சொன்னவருக்கு ஒரு பொறுப்பும் கிடையாது. கேட்டவன் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டும்.

மூன்று மாதம் கழித்துச் சொன்ன தேதிக்குச் சரியாக வந்தான். பாதியாக இளைத்திருந்தான். நடுவில் பெண் குழந்தை பிறந்திருந்தது. மறுபடி நெகட்டிவ். நான் சிரித்துக்கொண்டே தாளை நீட்டினேன். அவன் வாங்கி மடித்துவிட்டு, போனில் ஆறு மாதம் என்று போட்டிருக்கிறதே என்றான். வெளியே கர்ப்பிணிகள் வரிசை நின்றுகொண்டிருந்தது. அவனை எழுப்பி அனுப்பினால் போதும் என்றிருந்தது எனக்கு. சரி, எதற்கும் ஆறாம் மாதம் ஒன்று பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒருத்தனைக் கெடுக்க இரண்டு வாக்கியம் போதும். இரண்டையும் நானே சொன்னேன்.

பிறகு ஒரு மாதம் போல ஆகியிருக்கும். காலை பத்து மணி சுமாருக்கு ஒரு பெண் கைக்குழந்தையோடு உள்ளே வந்தாள். குழந்தை கத்திக் கத்திக் குரல் கட்டிப்போயிருந்தது. அவள் அம்மா வெளியே பெஞ்சில் புட்டிப்பாலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவள் ரவிக்கை முன்பக்கம் முழுக்க ஈரம். நான் பேர் கேட்பதற்குள் அவளே பேசினாள்.

"எங்க வூட்டுக்காரரு இங்க வந்து ரத்தம் பாத்துக்க சொன்னாரு. பாக்கற வரிக்கும் கொயந்திக்கு பால் குடுக்க வேணாம்னாரு. ரெண்டு நாளா பால் கட்டிக்கினு நெருப்பா எரியுது. இது புட்டிய வாயில வெச்சா துப்புது. அவருக்கு இன்னா கீது? நீங்கனா சொல்லுங்க."

கர்ப்ப கால அட்டையை நீட்டினாள். கணவர் பெயர் சதீஷ். ஊர் செய்யூர் பக்கம்.

அவள் மேற்கொண்டு சொன்னதையும் கேளுங்கள். மூன்றாம் மாதம் முடிந்து கூட்டிப்போக நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. இன்னும் இரண்டு மாதம் போகட்டும் என்று போனில் சொல்லியிருக்கிறான். இவர்கள் வீட்டில் அவனுக்கு வேறு பொம்பளை இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். அண்ணன், கல்யாணத்துக்குக் கொடுத்த சீர்ச் சாமான்களைத் திருப்பி வாங்கி வரக் கிளம்பி நின்றிருக்கிறான். குழந்தை பிறந்த அன்றைக்கே சதீஷ் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போனவன்தானாம், கையில் வாங்கவேயில்லையாம். அன்றைக்குத் தான் குடித்த காபியில் பாதியை இவளுக்குக் கொடுத்திருக்கிறான். அது இப்போது ஞாபகம் வந்து, எச்சில் போய்விட்டது, பாலில் இறங்கிவிட்டிருக்கும் என்று இரண்டு நாளாகப் போனில் புலம்புகிறான். எச்சிலில் என்ன இறங்கும் என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். அவனைப் பற்றி இவளிடம் நான் ஒரு சொல் சொல்லக்கூடாது. அவன் இங்கே வந்தானா என்பதைக்கூடச் சொல்லக்கூடாது. அவனிடம் வாங்கிக்கொண்ட ரகசியம் அது. இந்தப் பக்கம் இரண்டு நாளாகப் பால் குடிக்காத குழந்தை.

சுலபமான வழி ஒன்று இருந்தது. அவளே சோதனை கேட்டுத்தான் வந்திருக்கிறாள். எடுத்தால் அரை மணியில் முடிவு. பக்கத்து அறையில் எங்கள் லேப் டெக்னீஷியன் கையுறை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டது. நான் உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன், எடுத்துவிடலாமா சார் என்றேன். அவர் கையுறையைக் கழற்றினார்.

"அந்தப் பொண்ணுக்கு நெகட்டிவ்னு வரும். அவனுக்கே ரெண்டு வாட்டி வந்துது, நம்பினானா? இவளுக்கும் இன்னும் மூணு மாசம் பாக்கணும்னு சொல்வான். மூணு மாசம் கொயந்தை இன்னா பண்ணும்மா? ரத்தத்த நான் எப்ப வேணா எடுப்பேன். நீ கேக்கறத கேட்டியா?"

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. எனக்கு முன்னால் அவர் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். சதீஷ் பேருக்கு நேரே நான் அடித்த டிக். விவரம் என்ற இடம் காலி.

திரும்பி வந்து கதவைச் சாத்தினேன். இந்த முறை கேட்டேன். வளைகாப்புக்குப் பிறகு நீயும் அவரும் சேர்ந்து இருந்தீர்களா? இல்லை. பிரசவத்துக்குப் பிறகு? இல்லை மேடம், ஆள் பக்கத்திலேயே வரவில்லை. அந்தக் காபி எச்சில் தவிர ஒன்றும் கிடையாதா? கிடையாது. அவள் அட்டையைப் பார்த்தேன். கர்ப்பத்தின்போது எடுத்த சோதனை நெகட்டிவ் என்று தெளிவாக இருந்தது.

அவளிடம் நான் சொன்னது இதுதான். உன் கணவருக்கு என்ன, ஏது என்பதை அவரிடம் கேள், என்னிடம் கேட்காதே. உன்னைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன். எச்.ஐ.வி. எச்சிலில் வராது, பாதி குடித்த காபியில் வராது, தொட்டால் வராது. அவருக்கு உலகத்தில் இருக்கிற எந்த நோய் இருந்தாலும், நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் அது எச்.ஐ.வி.யாக உனக்கு வந்திருக்க வழியே இல்லை. குழந்தைக்குப் பால் கொடு. இங்கேயே, இப்போதே கொடு. கொடுத்த பிறகும் உனக்குச் சோதனை வேண்டுமென்றால் எடுக்கிறேன், அது உன் உரிமை.

அவள் என்னையே பார்த்தாள். சோதித்துப் பார்க்காமல் இவ்வளவு உறுதியாக ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் யாரும் அவளிடம் பேசியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் குரலை இறக்கவில்லை. நாம் அங்கே கொஞ்சம் இழுத்தாலும் அவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கொடுத்தாள். குழந்தை முதலில் மூச்சுத் திணறித் திணறிக் குடித்தது. பிறகு சத்தம் அடங்கியது. அவள் அழுதுகொண்டே இருந்தாள், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதில் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. முடிந்ததும் சோதனை வேண்டாம் என்றாள். போனை எடுத்து அவளே அவனைக் கூப்பிட்டு, நான் இங்கேதான் இருக்கிறேன், நீ வா என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

மத்தியானம் வண்டியைப் போட்டுவிட்டு வந்தான். அவளை வெளியே உட்காரவைத்து, அவனைத் தனியாக உள்ளே கூப்பிட்டேன். நாலு மாதம் முன்னால் கேட்டிருக்க வேண்டியதை அன்றைக்குக் கேட்டேன். நேராக, சுற்றி வளைக்காமல்.

"உள்ள போச்சா, இல்லியா?"

அவன் முகம் செத்துப்போனது. இல்லை என்று தலையாட்டினான். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. முத்தம் கொடுத்திருக்கிறான். அந்த லாட்ஜ் பெண் கையால் தொட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் வாயால். அதற்குள் அமுதா ஞாபகம் வந்து சட்டையை மாட்டிக்கொண்டு கீழே ஓடிவந்துவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவுக்காக நாலு மாதமாகத் தனித்தட்டில் சாப்பிட்டிருக்கிறான், மொட்டை மாடியில் படுத்திருக்கிறான், எனக்குத் தெரியாமல் தனியார் லேப்களில் வேறு போய் ரத்தம் கொடுத்திருக்கிறான். எல்லாம் நெகட்டிவ். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே மேடம் என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். தப்பு என்பது உனக்கும் உன் பெண்டாட்டிக்கும் நடுவில் இருக்கிற விஷயம், அந்தக் கிருமிக்கு அது தெரியாது, அதற்குத் தெரிந்தது வழி மட்டும்தான், வழி இல்லாத இடத்தில் அது வராது என்று சொன்னேன். இன்னொரு டெஸ்ட் எடுங்கள் மேடம் என்று கெஞ்சினான். மாட்டேன் என்றேன். ஆறாம் மாதம்? வராதே என்றேன். நான் அன்றைக்குச் சொன்னது தவறு. வெள்ளைத் தாளை எடுத்து எழுதினேன். கையாலும் முத்தத்தாலும் எச்.ஐ.வி. பரவாது. வாய்வழித் தொடர்பில் வாய்ப்பு மிக மிகக் குறைவு, மூன்று மாதச் சோதனை அதையும் இல்லை என்று காட்டிவிட்டது. இவருக்கு எச்.ஐ.வி. இல்லை. மேற்கொண்டு சோதனை தேவையில்லை. கீழே என் முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாளுக்காகப் பின்னால் எனக்கு மெமோ வந்தது. ஆலோசகருக்கு இப்படி எழுதிக் கொடுக்க அதிகாரம் இல்லையாம். மேலதிகாரி கூப்பிட்டு நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஏம்மா வம்பை விலைக்கு வாங்குகிறாய், ஆம்பிளைக்குக் கொஞ்சம் பயம் இருந்தால் நல்லதுதானே, மறுபடி அந்தப் பக்கம் போகமாட்டான் என்றார். நான் நின்றுகொண்டே பதில் சொன்னேன். சார், பயம் அவனை லாட்ஜுக்குப் போகாமல் தடுக்கவில்லை, பெற்ற குழந்தையைத் தூக்காமல் தடுத்தது, இந்த மாதிரி பயம் விற்கிற வேலைக்கு நான் வரவில்லை. மெமோவுக்கு எழுத்தில் பதில் கேட்டார்கள். மறுபடியும் அதே நாலு வரியைத்தான் எழுதிக் கொடுத்தேன். அந்த வருஷம் கான்ட்ராக்ட் நீட்டிக்கமாட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நீட்டித்தார்கள். நீட்டிக்காவிட்டாலும் வேறு நாலு வரி எழுதியிருக்கமாட்டேன்.

தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள், வருகிறவனுக்கெல்லாம் ஆபத்தில்லை என்று சொல்லச் சொல்லவில்லை. உறையில்லாத உறவு, நடந்து மூன்று நாள் ஆகவில்லை என்று ஒருவன் வந்தால் படிவத்தைத் தூரப் போடுங்கள், அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தாக வேண்டும். பாசிட்டிவ் ஆன ஒருவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், அவரிடமிருந்து உடலுறவில்கூட அது பரவாது. அதையும் கூசாமல் சத்தமாகச் சொல்லுங்கள். எது உண்டோ அதை உண்டு என்று நாம் சொல்லும்போது அவர்கள் நம்பவேண்டுமானால், இல்லாததை இல்லை என்று சொல்கிற தைரியமும் நமக்கு வேண்டும். இரண்டுக்கும் ஒரே முகத்தை வைத்துக்கொண்டு எதற்கும் பார்த்துக்கொள் என்று சொல்கிறவர் நமக்கு வேண்டாம்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அமுதாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் மேடம் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டான். அது என் வேலை இல்லை, அறையை வேண்டுமானால் தருகிறேன், சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம் என்றேன். கூப்பிடுங்கள் என்றான். அவள் குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன், நீங்களும் இருங்கள் என்று அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் சொன்னான். ஒன்றையும் விடாமல், தலையைத் தூக்காமல் சொன்னான். என் தாளை மேஜை மேல் வைத்தான். அவள் அதை எடுத்துப் படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி மெதுவாகப் படித்தாள். இந்தக் குடும்பம் நின்றாலும் விழுந்தாலும் இந்த நிமிஷம்தான் என்று எனக்குப் பட்டது.

"நீ போன கதய நான் வுட மாட்டேன். அத வூட்ல வெச்சு பேசறேன்," என்றாள். "நோவு கீதுன்னு பயந்த, சரி. ஆனா ரெண்டு நாளு இத பட்டினி போட வெச்சியே. அதுக்கு இன்னா சொல்ற?"

அவன் தோள் குலுங்கியது. அவள் எழுந்து குழந்தையை அவனிடம் நீட்டினாள். அவன் சட்டென்று பின்னால் நகர்ந்து, கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று வாஷ்பேசினைப் பார்த்தான். சோப்பு போட்டுப் போட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்ததை அப்போதுதான் நான் பார்த்தேன்.

"கழுவ வேணாம், புடி," என்றாள். அவன் கையை நீட்டினான். "அப்டி இல்ல. தலய தாங்கு. இன்னும் கழுத்து முழுசா நிக்கல அதுக்கு."